சங்கிலி ரம்பம் வாங்குமுன்

தென்னையும் சவுக்கும் பயிரிடும் அங்கத்தினர் பலர் சில காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் ஒன்று வாங்க அவர்கள் கருதியிருக்கின்றனர். கடையில் எண்ணாயிரம் ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது. அதைப்போல் ஏழெட்டு மடங்கு விலையிலும் ஒன்று கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுகின்றன. விலை குறைந்ததன் மேல் ஒட்டியுள்ள சீட்டில் எஞ்சினின் அளவு பெரிதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அங்ஙனமிருக்க, அதிக விலை கொடுப்பானேன் என்பது அவர்கள் ஐயம். கேள்வி நியாயமானதே. விடை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை. அதனைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அப்படியே விட்டுவைக்கவும் இயலாது. மட்கும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பின்னர் நின்று தப்பிய மரங்களின் குருத்தைக் குடையும். ஆகவே மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவது அன்று அவசர வேலையாயிற்று. கோடாரிக்கும் இழுப்பு வாளுக்கும் ஆள் கிடைக்கவில்லை. அதுவரை மரக்கடைக்காரரும் வெட்டுக்காரரும் மட்டுமே கையாண்டுவந்த சங்கிலி ரம்பம் அந்த ஒரு பருவத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

அப்போது அவ்வட்டாரத்தில் ஒரு சங்கம் தன் அங்கத்தினர் உபயோகத்திற்காக ஆறு ரம்பங்களை ஒரே நாளில் வாங்கியது. ஒவ்வொன்றும் ரூ. 8,500, மொத்தம் ரூ. 51,000. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வுக்குச் சென்றபோது இருப்புப் பதிவேட்டில் ஆறும் இருந்தன. கிடங்கில் அவற்றை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஓடக்கூடியது ஒன்று. இரண்டு ரம்பங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. ஒன்றில் கார்புரேட்டர் இல்லை; அது வேறொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் உதிரிபாகங்களாக ஒரு சாக்கில் கிடந்தன. அந்த ஐம்பத்தோராயிரத்தோடு இன்னும் சிறிது சேர்த்திருந்தால் தொழில் செய்வோர் வைத்திருக்கும் தரமான ரம்பம் ஒன்றை வாங்கியிருக்கலாம்.

ஆனால் சங்கத்தார் செய்தது பிழையென்று என் குறிப்பில் நான் எழுதவில்லை. புயலுக்குப் பிந்திய முதல் மாதத்தில் ஆறு குக்கிராமங்களில் ஆறு ரம்பங்கள் ஒரே சமயத்தில் ஓடின. வழியை அடைத்துக் கிடந்த மரங்கள் அறுபட்டன. நெசவாளர் தெருவில் தறிக் கொட்டகையின் மேல் விழுந்த மரமும் அகன்றது. தரமான ரம்பம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஐந்து ஊர்கள் காத்திருந்திருக்கும். பிழை அதன் பிறகே நேர்ந்தது. அவசரத்திற்கு வாங்கிய வீட்டு ரக மிஷினை, அவசரம் தீர்ந்த பின்னும் நாள்முழுதும் ஓடும் கூலி வேலைக்கு அனுப்பியதுதான் அப்பிழை.

வீட்டு ரகம், தொழில் ரகம் என்ற பாகுபாடு எதைப் பற்றியது? பலர் எண்ணுவதுபோல் அது மரத்தின் பருமனைப் பற்றியதன்று; எஞ்சினின் சி.சி. அளவைப் பற்றியதும் அன்று. எத்தனை மணி நேரம் ஓடுவதற்காக அந்த மிஷின் செய்யப்பட்டது, பழுதானால் அதனைத் திறந்து சீர்செய்யலாமா என்னும் இரண்டைப் பற்றியது.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஜெர்மனியின் ஷ்டீல் கம்பெனி செய்யும் எம்.எஸ். 271, எம்.எஸ். 261 என்ற இரு ரம்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சிலிண்டரின் கொள்ளளவு ஒன்றே: 50.2 சி.சி. முன்னது பண்ணை வேலைக்கென விற்கப்படுவது. அதன் சக்தி 2.6 கிலோவாட், எடை 5.6 கிலோ. பின்னது காட்டுத் தொழிலாளருக்கென விற்கப்படுவது. அதன் சக்தி 3.0 கிலோவாட், எடை 4.9 கிலோ. சி.சி. ஒன்றாயிருந்தும் தொழில் ரகத்தில் சக்தி கூடுகிறது. எடையோ முக்கால் கிலோ அளவு குறைகிறது. நாளெல்லாம் அதனைக் கையில் தாங்கி நிற்பவனுக்கு அந்த முக்கால் கிலோ எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே சி.சி. எண்ணை மட்டும் பார்த்து மிஷினை மதிப்பிடுவது, நூலின் நம்பரைக் கேளாமல் கழியின் எடையை மட்டும் பார்த்துப் பாவு வாங்குவது போன்றதாகும்.

இந்த வேறுபாடு உட்புற அமைப்பினால் வருவது. வீட்டு ரகத்தில் எஞ்சின் தனியொரு கட்டியாக இருந்து பிளாஸ்டிக் உடலுக்குள் பொருத்தப்பட்டிருக்கும். பிஸ்டனை மாற்ற வேண்டுமானால் கைப்பிடி, டாங்கி, உறை எல்லாவற்றையும் கழற்றி எஞ்சினை முழுதாக வெளியே எடுத்துப் பிளக்க வேண்டும். மெக்கானிக்கின் கூலி அங்கேயே மிஷினின் விலையை நெருங்கிவிடும். தொழில் ரகத்தில் கிராங்க் அறையே மக்னீசியம் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டு, அதுவே மிஷினின் முதுகெலும்பாக நிற்கிறது. மேலே சிலிண்டரைப் பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் சிலிண்டர் மேலெழும். பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றி மறுநாளே வேலைக்கு அனுப்பலாம். கைதேர்ந்த மெக்கானிக்கு அது அரை நாள் வேலை. இது தவிர, சங்கிலிக்கு எண்ணெய் தரும் பம்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி, எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய பெரிய காற்று வடிகட்டி, கைக்கு அதிர்வு வராமல் தடுக்கும் ஸ்பிரிங்குகள் முதலியனவும் தொழில் ரகத்தில் நன்கு அமைந்திருக்கும். அதிர்வைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாத காலத்தில், ஆண்டுக்கணக்கில் ரம்பம் பிடித்த காட்டுத் தொழிலாளரின் விரல்கள் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்து உணர்வற்றுப் போயின. இதனை அற்ப வசதியென ஒதுக்கலாகாது.

மணிக்கணக்கைப் பற்றி அமெரிக்க நாட்டில் ஒரு விதி உண்டு. கையில் தாங்கும் சிறு எஞ்சின்களின் மேல், புகை வரம்பை அது எத்தனை மணி நேரம் வரை காப்பாற்றும் என்று தயாரிப்பாளர் பொறித்தாக வேண்டும். அதற்கு 50, 125, 300 என மூன்று படிகள் உள்ளன. வீட்டு உபயோகத்திற்கான எஞ்சின் 50 மணி, இடைநிலை 125, தொழிலுக்கானது 300. இது மிஷினின் ஆயுள் அன்று. 51-ஆம் மணியில் அது நின்றுவிடும் என்பதும் பொருளன்று. எனினும் எந்த எண்ணத்தோடு ஒரு மிஷின் செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் விற்கப்படும் எல்லா ரம்பங்களிலும் இச்சீட்டு இருப்பதில்லை. இருந்தால் படித்துப் பார்க்கலாம். முறையாகப் பேணப்பட்ட தொழில் ரம்பங்கள், பிஸ்டனும் வளையமும் மாற்றப்பட்டு, ஆயிரம் மணிக்கு மேலும் உழைப்பதுண்டு.

இனிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்திற்காக நான் வைத்துக்கொண்டவை; தம் ஊர் விலையை அங்கத்தினர்கள் இட்டுக்கொள்ளலாம். வீட்டு ரம்பம் ரூ. 8,000 என்றும் 50 மணி உழைக்கும் என்றும் கொள்வோம். மணிக்கு முதல் ரூ. 160 ஆகிறது. தொழில் ரம்பம் ரூ. 60,000, 600 மணி உழைக்கும். மணிக்கு ரூ. 100. கூலிக்கு மரம் அறுப்பவனுக்கு, விலை உயர்ந்த மிஷினே மலிவானது என்பது தெளிவு. அவன் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எஞ்சினை ஓட்டினாலும், 50 மணி என்பது 17 நாளில் தீர்ந்துவிடும்.

இதே கணக்கை ஒரு சிறு தோட்டக்காரருக்குப் போட்டால் விடை தலைகீழாகிறது. நூறு தென்னை வைத்திருப்பவர், ஆண்டில் பட்டுப்போன மரம் இரண்டு மூன்றை அறுப்பார். வேலிக்குக் கிளுவை கழிப்பார். அடுப்புக்கு விறகு துண்டு போடுவார். எஞ்சின் ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஐந்து மணியைத் தாண்டாது. அவர் அறுபதாயிரம் ரூபாய் மிஷினை வாங்கினால் பத்து ஆண்டில் 50 மணி ஓட்டுவார்; மணிக்கு ரூ. 1,200 ஆகும். அவருக்கு வீட்டு ரம்பமே தகும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் ஒரு சிறு ரம்பம் எட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரவல் கேட்டு வருவோரிடம் அவர் சொல்வது: "தம்பி, மிஷினைக் கேட்காதே, மரத்தைக் காட்டு, நானே வந்து அறுத்துத் தருகிறேன்." அந்த மிஷினின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதன் கம்பெனியன்று என்றே நான் கருதுகிறேன்.

மரத்தின் பருமன் எங்கே கணக்கில் வருகிறது? சங்கிலி சுற்றிவரும் நீண்ட இரும்புப் பட்டையைப் பார் என்பர். பாரின் நீளத்தைத் தீர்மானிப்பதே மரத்தின் பருமன். அடிப்பருமனை விட்டு மேலே, தென்னந் தண்டின் குறுக்களவு பெரும்பாலும் ஓரடி. அதற்கு 16 அங்குலப் பார் தாராளமாகப் போதும். சந்தையில் 58 சி.சி. என்று எழுதி 22 அங்குலப் பார் மாட்டி விற்கும் மலிவு ரம்பங்கள் பல உள. நீண்ட பார் கண்ணுக்குக் கம்பீரமாயிருக்கும். ஆனால் அதன் முழு நீளத்தையும் மரத்தில் இறக்கினால் இழுக்கும் சக்தி அந்த எஞ்சினுக்கு இராது, சூடேறித் திணறும். புளி, வேம்பு, மா முதலிய பெருமரங்களை அடியோடு அறுப்போர்க்கே நீண்ட பாரும், அதனை இழுக்க 70 சி.சி. அளவிலான தொழில் எஞ்சினும் வேண்டும்.

சவுக்குத் தோப்பின் நிலை இதற்கு நேர்மாறானது. அறுவடைப் பருவத்துச் சவுக்கு கையளவு பருமனே இருக்கும். மரம் சிறிதுதானே, வீட்டு ரம்பம் போதும் என்று தோப்புக் குத்தகையாளர் பலர் ஏமாறுகின்றனர். ஒரு மரத்தை அறுக்கச் சில வினாடிகள்தாம். ஆனால் ஓர் ஏக்கரில் ஆயிரக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. காலை முதல் மாலை வரை எஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே வேண்டுவது குறுகிய பாரும், எடை குறைந்த தொழில் ரக எஞ்சினும் ஆகும்.

தென்னையை அறுப்போர் அறியவேண்டிய செய்தி இன்னொன்று. மா, வேம்பு போன்றவற்றில் நடுவே வைரம் பாயும். தென்னையில் வெளிவட்டமே வைரம், உள்ளே மெத்து. சங்கிலியின் பல் அந்த வெளிவட்டத்தில் விரைவில் மழுங்கும். விழுந்து கிடந்த மரமானால் மணலும் ஒட்டியிருக்கும். ஒருமுறை பல் மண்ணைத் தொட்டாலே கூர் போய்விடும். சங்கிலிகளில் கூர்மூலைப் பல், வட்டமூலைப் பல் என இருவகை உண்டு. கூர்மூலை சுத்தமான மரத்தில் வேகமாக வெட்டும். தூசியும் மணலும் உள்ள மரத்தில் அதன் கூர் நிற்பதில்லை. கீழத்தஞ்சை மணற்பாங்கில் கிடக்கும் தென்னைக்கு வட்டமூலையே ஏற்றது. மரத்தூள் சன்னமான பொடியாக விழத் தொடங்கினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். கூரான பல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவன் எஞ்சினைக் கொல்கிறான். சிறு ரம்பங்களின் சங்கிலிக்கு 4 மி.மீ. உருண்டை அரமும், பெரிய ரம்பங்களின் சங்கிலிக்கு அதன் அளவுக்கேற்ப 4.8 அல்லது 5.2 மி.மீ. அரமும் வேண்டும். மிஷின் வாங்கும் அன்றே அரத்தையும் சேர்த்து வாங்குக.

இன்றுள்ள இந்தப் பல்லின் வரலாறும் சுவையானது. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் துளைத்துச் செல்வதைக் கூர்ந்து பார்த்தார். அப்புழுவின் தாடையைப் போலவே இருபுறமும் மாறிமாறிச் செதுக்கும் பல்லை அமைத்து, மறு ஆண்டே விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் தென்னையை அழிப்பதும் ஒரு வண்டு. தென்னையை அறுக்கும் பல்லைக் கற்பித்ததும் ஒரு வண்டு!

எரிபொருள் பற்றி. இந்த எஞ்சின்களுக்குத் தனியாக எஞ்சின் எண்ணெய் ஊற்றும் இடம் இல்லை. பெட்ரோலோடு கலக்கும் 2டி எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயிர். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. முன்சொன்ன சங்கத்தில் இறுகிப்போன இரண்டு மிஷின்களும், மோட்டார் சைக்கிளிலிருந்து உறிஞ்சிய வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டப்பட்டவை. அறுபதாயிரம் ரூபாய் மிஷினாயினும் வெறும் பெட்ரோலில் சில நிமிஷங்களில் அதே கதிதான். அன்றியும் இக்காலத்துப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் சேர்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகையால் கலந்த எரிபொருளை ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது. வாங்கும் மிஷின் எத்தனை சதவீத எத்தனாலைத் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நெடுநாள் ஓட்டாது வைப்பதானால் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பது நலம். பேட்டரியில் ஓடும் சிறு ரம்பங்களும் இப்போது வந்துள்ளன. கிளை கழிப்பதற்கு அவை நன்று. இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

இனிச் சொல்லப்போவது விலையைப் பற்றியதன்று. அந்த ஆறு மிஷின்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போனவர்களில் ஓர் இளைஞர் நெசவாளர். புயலுக்குப் பின் தறி ஓடாதிருந்தது, நாட்கூலி கிடைத்தது, போனார். ஒருவரும் அவருக்கு முறையாகக் கற்றுத்தரவில்லை. முன்கைப்பிடிக்கு அப்பால் கைக்காப்புப் போல் ஒரு தகடு நிற்குமே, அதுதான் சங்கிலியின் பிரேக். அந்த மிஷினில் அது உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. தோளுக்கு மேலே தூக்கி ஒரு மட்டையை அறுக்கும்போது பாரின் முனை பின்னாலிருந்த தண்டில் பட்டது. முனையின் மேற்பாதி எதிலேனும் பட்டால், ஓடும் சங்கிலி அதில் ஏற முயன்று, ரம்பம் முழுவதையும் பிடித்திருப்பவன் முகத்தை நோக்கி எகிறச் செய்யும். மனிதன் கையை அசைக்குமுன் அது நடந்து முடிந்துவிடும். பிரேக் இருந்தால் அந்தத் தகடு கையில் மோதியோ, எகிறும் வேகத்தாலேயோ சங்கிலியை நிறுத்தும். அன்று நிறுத்த ஒன்றுமில்லை. இடது தோளில் வெட்டு விழுந்தது. உயிர் தப்பியது. ஆனால் ஒரு கை கயிற்றை இழுக்க மறு கை பலகையை அடிக்கவேண்டிய தறியில் அவரால் இன்று அமர முடியவில்லை. அவர் மனைவி நெய்கிறார். அவர் தார் சுற்றித் தருகிறார்.

தொழில் ரம்பமாயிருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது என்று நான் சொல்லத் துணியேன். உண்மை அதற்கு மாறாகவும் இருக்கலாம். தொழில் ரம்பத்தின் சங்கிலி வேகம் மிகுந்தது, பல் உயரமானது, எகிறும் வலிமையும் கூடுதல். வீட்டு ரகத்தில், எகிறுதலைக் குறைக்கும் தடுப்புக் கண்ணிகள் வைத்த குட்டைப் பல் சங்கிலியை மாட்டித் தருவது வழக்கம். பழகாதவன் கையில் பெரிய மிஷினைக் கொடுப்பது தயவு ஆகாது. பழகாதவர் சிறியதையே எடுக்கட்டும். பிரேக் சரியாயிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் முதலில் பார்க்கட்டும். தோளுக்கு மேல் தூக்கவே வேண்டாம்.

காலுறை பற்றி நெசவாளர் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி. சங்கிலி ரம்பம் பிடிப்போருக்கென்று ஒரு கால்சட்டை உண்டு. இரும்பையோ தோலையோ வைத்துச் செய்யப்படுவதன்று, நூல்தான். மேல் துணிக்குள் நீண்ட உறுதியான செயற்கை இழைகளைத் தளர்வாகப் பின்னிய அடுக்குகள் பல இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்த கணமே அந்த இழைகள் கொத்தாக வெளிவந்து, சங்கிலியோடு ஓடி, பல்சக்கரத்தில் சுற்றிச் சிக்கி அதனை நிறுத்திவிடும். தறியில் அறுந்த இழை சுற்றி வேலையை நிறுத்தும் எரிச்சலை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. இவற்றிற்குத் தர வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டது. காதடைப்பான், கண்ணாடி, தலைக்கவசம் ஆகியவையும் அவ்வாறே அவசியம். இவற்றின் விலையைச் சேர்த்துத்தான் ரம்பத்தின் விலையைக் கணக்கிட வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி வெறுங்காலோடு ரம்பம் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்க மனம் பதறுகிறது.

ஐந்தாறு ஏக்கர் தோப்பு வைத்து, ஆண்டுக்கு முப்பது நாற்பது மணி ரம்பம் வேண்டியிருக்கும் நடுத்தர விவசாயிதான் உண்மையில் இடர்ப்படுகிறவர். வீட்டு ரகம் அவருக்கு ஒன்றரை ஆண்டில் ஓய்ந்துவிடும். தொழில் ரகம் முதலை முடக்கும். பண்ணை ரகம் எனப்படும் இடைத்தர மிஷின் அவருக்குப் பொருந்தும். ஆனால் அவரே சங்கிலி தீட்டி, வடிகட்டி கழுவிப் பேணுபவராயிருக்க வேண்டும். இல்லையேல் அவர் வாங்காதிருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். அத்தகையோர் பதினைந்து இருபது பேர் எந்தச் சங்கத்திலும் இருப்பர். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பல உழவு மிஷின்களை வாடகைக்கு விடுகின்றன. அவ்வாறே ஒரு தொழில் ரம்பத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை மட்டும்: மிஷினைத் தனியே வாடகைக்கு விடலாகாது. பழகிய ஓர் ஆளோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். கைக்குக் கை மாறும் ரம்பம், எத்தரமாயினும், ஆண்டைக் கடக்காது. யார் வெறும் பெட்ரோலை ஊற்றினார் என்பதும் பின்னர் தெரியவராது.

வாங்குமுன் டைரக்டர்கள் விசாரிக்கவேண்டியது, அந்தக் கம்பெனியின் உதிரிபாகம் பக்கத்து நகரத்தில் கிடைக்கிறதா என்பதே. கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்னணு அமைப்புள்ள புதிய ரம்பங்கள் சிறந்தவை. ஆயினும் பழுது பார்க்கும் கருவி அருகில் இல்லாவிட்டால் திருகி அளவு வைக்கும் பழைய முறையே கிராமத்திற்கு ஏற்றது. வாடகை விகிதத்தில் ஆளின் கூலி, எரிபொருள், சங்கிலித் தேய்மானம், பழுது நிதி நான்கும் தனித்தனியே தெரியவேண்டும். பழுது நிதியை அந்தந்த மாதமே ஒதுக்காத சங்கங்களில், மிஷின் நின்ற நாளில் பணமும் இருப்பதில்லை. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததையும் ஆளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். உத்தரவைக் காட்டாதவருக்காகச் சங்கத்தின் ரம்பம் பனையைத் தொடக் கூடாது.

ஆறு மிஷின் வாங்கிய அதே சங்கம் பின்னர் ஒரு தொழில் ரம்பம் வாங்கிற்று. இரண்டு கால்சட்டைகளும் வாங்கிற்று. தேதி, யாருடைய தோப்பு, எத்தனை மணி, எவ்வளவு எண்ணெய், சங்கிலி எப்போது தீட்டப்பட்டது என ஐந்து பத்திகள் கொண்ட நோட்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். சென்ற ஆய்வின்போது அதனைக் கூட்டிப் பார்த்தேன். 318 மணி ஆகியிருந்தது. சங்கிலி ஒன்பதாவது, பார் இரண்டாவது, பிஸ்டன் முதலில் வந்ததே.